வாலின் நீளம்

ரேஷன் கடை வாசலில் நாம் நிற்கிற 'கியூ'வும், பில்லியர்ட்ஸ் மேசையருகே ஆட்டக்காரர் கையில் இருக்கிற 'கியூ'வும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு வால் என்று பொருள். மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பது வாலைப்போல் நீள்வதால் வரிசைக்கு அப்பெயர் வந்தது என்பது எளிதில் விளங்கிவிடும். ஆட்டக்கோல் ஏன் வாலாயிற்று என்பதை அறியச் சில நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். அப்படிப் போவதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. தமக்கென்று தனியாக ஒரு பூல் கோல் செய்துகொள்ள விரும்பும் ஒருவரிடம் தச்சர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'எத்தனை அங்குலம்?' என்பது. பெரும்பாலோர் சிந்திக்காமல் 58 என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, யாருடைய உடலுக்காக வந்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

58 அங்குலம் என்பது ஏறத்தாழ 147 சென்டிமீட்டர். நம் பழைய கணக்கில் மூன்று முழத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் யாருடைய முழம்? பூக்காரியின் முழத்துக்கும் பூ வாங்குபவரின் முழத்துக்கும் இடையே நம் தெருக்களில் நடக்கும் வாக்குவாதம் நாம் அனைவரும் அறிந்ததுதான். உடலால் அளப்பதில் உள்ள சங்கடம் அது. கோலால் அளப்பதில் வேறொரு சங்கடம் உண்டு. கோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். கைகள் ஒன்றாக இருப்பதில்லை.

*

பில்லியர்ட்ஸ் முதலில் புல்தரையில் ஆடப்பட்ட ஒரு விளையாட்டு. 15ஆம் நூற்றாண்டில் வட ஐரோப்பாவில் அது வீட்டுக்குள் நுழைந்து மேசைமீது ஏறியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மேசையில் விரிக்கப்படும் பச்சைத் துணி அந்தப் புல்லின் நினைவு என்பார்கள். விளையாட்டின் பெயரே கோலிலிருந்துதான் பிறந்தது. பழைய பிரெஞ்சில் 'பில்லார்' என்றால் பந்தைத் தள்ளும் தடி. அந்தத் தடி இன்றைய கோலைப் போன்றது அன்று. நீண்ட மெல்லிய கைப்பிடியின் நுனியில் கனமான மரத்தலை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் அதை மேஸ் என்று அழைத்தார்கள். சார்ல்ஸ் காட்டன் என்ற ஆங்கிலேயர் 1674இல் வெளியிட்ட விளையாட்டுகள் பற்றிய நூலில் அத்தடியின் செய்முறை கூடக் கூறப்பட்டிருக்கிறது. கனமான மரத்தில் கடைந்து, அகன்ற முனையில் தந்தம் பதிக்க வேண்டும் என்கிறார் அவர்.

மேஸைப் பிடித்து ஆடுபவர் பெரும்பாலும் நிமிர்ந்தே நின்றார். பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி பில்லியர்ட்ஸ் ஆடுவதைக் காட்டும் செதுக்கோவியம் ஒன்றை 1694இல் அந்துவான் த்ரூவேன் உருவாக்கினார். அரசவைக்குரிய உடையும் பொய்முடியும் அணிந்தவர் மேசைமீது குப்புறக் கவிழ முடியாது. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. தடியின் தலை மேசையில் பந்தின் பின்னே அமர்ந்திருக்கும். கைப்பிடி சாய்வாக மேலெழுந்து தோள் வரை வரும். ஆட்டக்காரர் பந்தை அடிப்பதில்லை, தள்ளுவார். ஆகவே மேஸின் நீளம் நிற்கும் மனிதனின் உயரத்தோடு தொடர்புடையதாக இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

பந்து மேசை விளிம்பை ஒட்டி நின்றுவிட்டால் மேஸின் பருத்த தலையை அதன் பின்னே வைக்க இடம் இருக்காது. அப்போது ஆட்டக்காரர் தடியைத் திருப்பி, மெல்லிய பின்முனையால் பந்தைக் குத்தினார். அந்தப் பின்முனைதான் வால். அவசரத்துக்குப் பயன்பட்ட வால் நாளடைவில் தலையைவிடத் துல்லியமானது என்று தெரியவந்தது. தலை உதிர்ந்தது, வால் தனிக்கருவி ஆயிற்று.

ஆனால் எல்லோருக்கும் அல்ல. 19ஆம் நூற்றாண்டிலும் மேஸ் ஒரு மூலையில் உயிரோடு இருந்தது. பெண்கள் கையில் கூரிய கோலைக் கொடுத்தால் துணியைக் கிழித்துவிடுவார்கள் என்று கருதி, அவர்களுக்கு மேஸையே நீட்டினார்கள். மேசைமேல் குனிவது பெண்களுக்கு அழகன்று என்ற எண்ணமும் அதற்குத் துணை நின்றிருக்கும். கோல் யார் உடலுக்காக வளர்ந்தது என்ற கேள்விக்கு இங்கேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. அது வளர்ந்த காலத்தில் அதைப் பிடிக்க அனுமதிக்கப்பட்ட கைகள் பெரும்பாலும் ஆண்களின் கைகள்.

*

வெறும் மரமுனையால் பந்தின் நடுப்பகுதியை மட்டுமே நம்பிக்கையோடு அடிக்க முடியும். சற்று விலகினாலும் முனை வழுக்கிவிடும். இந்நிலையை மாற்றியவராகச் சொல்லப்படுபவர் பிரெஞ்சுக் காலாட்படை அதிகாரி பிரான்சுவா மேங்கோ. 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், சிறையில் இருந்தபோது, கோலின் முனையில் தோல்வில்லை ஒட்டும் முறையை அவர் செம்மைப்படுத்தினார் என்பது வழங்கிவரும் செய்தி. 1827இல் தம் அடிகளை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். தோலும் சுண்ணத்தூளும் சேர்ந்ததும் பந்தின் மேல், கீழ், இடம், வலம் என்று எங்கு வேண்டுமானாலும் தொட்டு அதைச் சுழலவைக்க முடிந்தது. அடிபட்ட பந்து முன்னே போய் மோதிவிட்டுத் திரும்பி வந்த காட்சி அக்காலத்தவருக்கு ஏறக்குறைய மாயவித்தை.

நீளத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரிது. பந்தில் ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் விளைவு மாறும் என்ற நிலை வந்ததும், ஆட்டக்காரர் குனிந்து, கண்ணைக் கோலின் வரிசைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இடக்கை மேசையில் பதிந்து கோலைத் தாங்குகிறது. ஆட்டக்காரர்கள் அதை பிரிட்ஜ் என்கிறார்கள். வலக்கை பின்னே பிடித்து, முழங்கையிலிருந்து கடிகார ஊசற்குண்டு போல் ஆடுகிறது. செங்குத்தாக இருந்த கோல் படுக்கைவாட்டுக்கு வந்துவிட்டது. இனி அதன் நீளத்தை நிர்ணயிக்க வேண்டியது இரு கைகளுக்கும் இடையே உள்ள தூரமே அன்றி ஆட்டக்காரரின் உயரம் அன்று.

ஆனால் பழக்கங்கள் கருவிகளைவிட மெதுவாக மாறுகின்றன. இன்றும் கோல் வாங்கப் போனால், அதைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், அக்குள் அல்லது தோள் அல்லது முகவாய் வரை வந்தால் சரியான நீளம் என்று சொல்பவர்கள் உண்டு. நிமிர்ந்து நின்று அளந்து, குனிந்து ஆடச்சொல்லும் இந்த ஆலோசனையில் எனக்கு மேஸின் சாயல் தெரிகிறது. ஒரே உயரமுள்ள இருவரின் கைநீளம் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் மோவாய் கோலை உரசும் அளவுக்குக் குனிவார். இன்னொருவர் ஓரளவே குனிவார். அக்குள் உயரம் இவற்றில் எதையும் சொல்லாது.

*

கோல் மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கிலாந்தில் மேசை மாறியது. லண்டனைச் சேர்ந்த ஜான் தர்ஸ்டன் 1826 வாக்கில் மரப்பலகைக்குப் பதிலாகக் கற்பலகைத் தளம் அமைத்தார். 1840களில் பதப்படுத்திய ரப்பர் விளிம்புகள் வந்தன. இங்கிலாந்தின் பெரிய மேசை 12 அடி நீளத்தில் நிலைபெற்றது. எவ்வளவு நீண்ட கோலை வைத்துக்கொண்டாலும் எட்டாத இடங்கள் அதில் இருந்தன. ஆகவே மேசையின் பக்கவாட்டில் நீண்ட கோல்களையும், அவற்றைத் தாங்கும் ரெஸ்ட் என்ற கவைமுனைக் கோல்களையும் தொங்கவிட்டார்கள். எட்டாத பந்துக்கு வேறு கருவி இருக்கிறது என்றானதும், கைக்கோல் எட்டுகிற பந்துகளுக்கு ஏற்ற அளவில் நின்றுகொள்ளலாம் என்றாயிற்று.

அந்த 12 அடி மேசைதான் பிரிட்டிஷ் ராணுவத்தோடு இந்தியாவுக்கும் வந்தது. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பிரதமரான சேம்பர்லின் வேறு) ஆடிப்பார்த்த ஒரு புதிய கலவைதான் ஸ்னூக்கர். சில ஆண்டுகள் கழித்து உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில் அதன் விதிகள் எழுதப்பட்டு மாட்டப்பட்டன. நீலகிரிக் குளிரில் எழுதப்பட்ட அந்த விளையாட்டின் இன்றைய விதிமுறை கோலின் நீளத்தைப் பற்றி ஒரே ஒரு நிபந்தனைதான் சொல்கிறது: 3 அடிக்குக் குறையக்கூடாது. உச்சவரம்பு இல்லை. உலகப் பூல் சங்கத்தின் விதியும் அதேபோலத்தான். குறைந்தபட்சம் 40 அங்குலம். அதிகபட்சம் என்று ஒன்று கிடையாது. எடைக்கு 25 அவுன்ஸ் என்ற வரம்பு உண்டு. ஆக, 58 என்ற எண்ணை எந்த விதிநூலும் விதிக்கவில்லை.

பிறகு யார் விதித்தார்கள்? ஒருவரும் இல்லை என்பதே உண்மைக்கு நெருக்கமான பதில். அது பல வசதிகள் சேர்ந்து படிந்த வண்டல். குழிகளற்ற மேசையில் ஆடப்படும் கேரம் பில்லியர்ட்ஸுக்கு 54 முதல் 56 அங்குலக் கோல்கள் வழக்கமாயின. பூலுக்கும் ஸ்னூக்கருக்கும் 57, 58. அமெரிக்காவின் பொது ஆட்டக்கூடங்களில் சுவரோரம் அடுக்கப்பட்ட ஒற்றைத்துண்டுக் கோல்கள் 57 அங்குல அளவில் தொழிற்சாலைகளிலிருந்து வந்திறங்கின. நூறு பேர் எடுத்து ஆடும் கோலை நூறு அளவில் செய்ய முடியாதல்லவா?

அறையும் ஒரு காரணி. 9 அடிப் பூல் மேசையின் ஆடுதளம் 100க்கு 50 அங்குலம். 58 அங்குலக் கோலை இருபுறமும் கிடத்தினால் அறையின் அகலம் 13 அடி 10 அங்குலம் வேண்டும்; பின்கையை இழுக்கும் இடம் அதற்கு மேல். கோலில் ஓர் அங்குலம் கூடினால் அறையில் இரண்டு அங்குலம் கூட வேண்டும். இடுக்கமான வீடுகளில் 48, 52 அங்குலக் கோல்கள் விற்பனையாவதற்குக் காரணம் இதுதான். அங்கே கோலின் நீளத்தை முடிவு செய்வது சுவர்.

*

தனிக்கோலின் வரலாறு கோல் இரண்டு துண்டானதிலிருந்து தொடங்குகிறது. 1829 வாக்கில் நடுவே திருகி இணைக்கும் கோல்கள் வந்துவிட்டன. திருகிக் கழற்ற முடிந்தால் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாம். எடுத்துச் செல்ல முடிந்தால் அது 'என் கோல்' ஆகிறது. சிகாகோவின் ஹெர்மன் ராம்போ, வில்லி ஹாப்பி போன்ற பெரும் ஆட்டக்காரர்களுக்குக் கோல் செய்து தந்தவர். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் பலபுஷ்கா இக்கலையின் தொன்மநாயகர். 1912இல் ரஷ்யாவில் பிறந்து, 1924இல் நியூயார்க் வந்து, மரவேலை செய்து பிழைத்தவர். 1959இல் கோல் செய்யத் தொடங்கி 1975இல் இறக்கும் வரை அவர் செய்தவை ஏறத்தாழ 1,200 கோல்கள் மட்டுமே. வால்டர் டெவிஸ் நாவலை ஒட்டி மார்ட்டின் ஸ்கார்செஸி 1986இல் எடுத்த 'தி கலர் ஆஃப் மனி' திரைப்படத்தில் அவர் பெயர் மந்திரம்போல் உச்சரிக்கப்படுகிறது. ஆனால் படத்தில் காட்டப்பட்டது ஜாஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் கோல்!

இரண்டு துண்டானதால் கிடைத்த விடுதலை, வேறொரு சிறையையும் கொண்டுவந்தது. 58ஐ இரண்டாக வெட்டினால் 29. முன்துண்டு 29 அங்குலம், பின்துண்டு 29 அங்குலம் என்பது வழக்கமாயிற்று. கோல் வைக்கும் பெட்டிகள் அதற்கேற்பத் தைக்கப்பட்டன. பின்துண்டில் கை பிடிக்குமிடத்தில் நூல் சுற்றுவார்கள். அந்தச் சுற்றின் இடமும் சராசரி உயரமுள்ள ஆணின் கை விழும் இடமாக அமைந்தது. குட்டையானவர் சுற்றுக்கு முன்னே வெறும் மரத்தைப் பிடிக்கிறார். மிக நெட்டையானவரின் கை சுற்றைத் தாண்டி அடிக்கட்டைக்குப் போய்விடுகிறது. இருவருமே தம்மீது ஏதோ குறை இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

*

கோலுக்கு உடல் வளைந்துகொடுத்ததற்கு வில்லி ஹாப்பியைவிடச் சிறந்த சான்று இல்லை. 1887இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஹாப்பி, தந்தையின் விடுதியில் இருந்த மேசையில் மிகச் சிறு வயதிலேயே ஆடத்தொடங்கினார். மேசை எட்டாததால் பெட்டிமீது ஏறி நின்று ஆடிய குழந்தை அவர். பெரியவர்களின் மேசை, பெரியவர்களின் கோல். முழங்கையைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்ட அவருக்கு உயரம் போதவில்லை. ஆகவே கையை உடலுக்குப் பக்கவாட்டில் விரித்து வீசக் கற்றுக்கொண்டார். வளர்ந்து ஆளான பின்பும் அந்தப் பக்கவாட்டு வீச்சு அவரை விட்டுப் போகவில்லை. 1906இல், 18 வயதில், பாரிஸில் மோரிஸ் விஞோவைத் தோற்கடித்து உலகப் பட்டம் வென்றபோதும் அதே வீச்சுதான். 1952இல் ஓய்வு பெறும் வரை அதே வீச்சுதான். ஆசிரியர்கள் தம் மாணவர்களிடம் ஹாப்பியைப் பாருங்கள், ஆனால் அவரைப்போல் செய்யாதீர்கள் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட உலகப் பட்டங்கள் வென்ற மேதையின் கையில் ஓர் ஐந்து வயதுக் குழந்தையின் சிரமம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

1913இல் பிறந்த வில்லி மாஸ்கோனியின் கதை வேறு. பிலடெல்பியாவில் ஆட்டக்கூடம் நடத்திய தந்தை, மகன் இதில் ஈடுபடக்கூடாதென்று பந்துகளையும் கோல்களையும் பூட்டிவைத்தார். பையன் உருளைக்கிழங்குகளைப் பந்துகளாகவும் துடைப்பக் கழியைக் கோலாகவும் வைத்துப் பழகினான். பின்னாளில், 1954இல், ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் தவறாமல் தொடர்ச்சியாக வீழ்த்திய பந்துகள் 526. துடைப்பக் கழிதான் அவரை உருவாக்கியது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், சிறுவன் கைக்கு அகப்பட்ட கருவி சிறுவனுக்குரிய கனத்தில் இருந்தது என்பதை நினைத்துப்பார்ப்பதில் தவறில்லை.

மூன்றாமவர் மசாகோ கட்சுரா. இவரும் 1913இல் பிறந்தவர். டோக்கியோவில், அக்காள் கணவரின் ஆட்டக்கூடத்தில் பதின்வயதில் கோலைத் தொட்டவர். உயரம் 5 அடிதான். ஜப்பானின் முன்னணி ஆட்டக்காரர் கின்ரே மட்சுயாமாவிடம் பயின்று, 1951இல் அமெரிக்கா சென்று, 1952இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மூன்று-குஷன் உலகப் பட்டப் போட்டியில் பங்கேற்றார். உலகப் பில்லியர்ட்ஸ் பட்டத்துக்காக ஆடிய முதல் பெண் அவர்தான். ஏழாம் இடம் பெற்றார். அடுத்த இரு ஆண்டுகளில் ஐந்தாம் இடமும் நான்காம் இடமும். 1952இன் அந்தப் போட்டியை வென்றவர் ஹாப்பி. அது அவருடைய கடைசிப் பட்டம். பெரியவர்களின் கோலுக்குத் தன் கையை வளைத்துக்கொண்ட குழந்தையும், துணியைக் கிழித்துவிடுவாள் என்று மேஸ் நீட்டப்பட்ட பெண்ணினத்தின் ஒருத்தியும் ஒரே போட்டியில் ஒரே மேசையில் நின்றார்கள். கோலின் வரலாற்றில் இதைவிடப் பொருள் பொதிந்த சந்திப்பு இல்லை என்பேன்.

*

இனி, தனிக்கோல் செய்துகொள்ளப் போகிறவருக்கு இந்த வரலாறு என்ன சொல்கிறது?

நின்று அளக்க வேண்டாம், குனிந்து அளக்க வேண்டும். பழகிய கோல் ஒன்றை எடுத்து, வழக்கம்போல் மேசைமீது குனிந்து, முனை பந்தைத் தொடும் நிலையில் அசையாமல் நிற்க வேண்டும். நண்பர் ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். அந்தக் கணத்தில் முழங்கைக்குக் கீழுள்ள கை ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்க வேண்டும். அப்போது கை கோலின் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதே உண்மையான அளவு. கைக்குப் பின்னால் ஒரு பிடிகூட மிச்சம் இல்லையென்றால் அவருக்கு 59, 60 அங்குலம் தேவைப்படலாம். கை நூற்சுற்றுக்கு வெகு முன்னால் விழுந்தால் நேர்மாறான நிலை.

நேர்மாறான நிலையில் உடனே கோலைக் குட்டையாக்கிவிடவும் கூடாது. எட்டிப் படுத்து ஆடும் அடிகளில் கை பின்னே போக இடம் வேண்டும். அத்தகையவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது நூற்சுற்றை முன்னே நகர்த்துவதும் எடைச்சமநிலைப் புள்ளியைத் தம் கைக்கேற்ப மாற்றுவதும்தான். நீளம் கூட்டுவதிலும் இடம் முக்கியம். முன்துண்டில் கூட்டினால் கனம் முன்னே சாய்ந்து, முனை சற்று நெகிழ்வாக உணரப்படும். பின்துண்டில் கூட்டினால் கனம் பின்னே போய் முனை இலேசாகும். ஒரே 60 அங்குலம், இரண்டு வேறு கோல்கள். 30 அங்குலத்தைத் தாண்டும் துண்டு, பெட்டிக்குள் நுழையுமா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. முடிவு செய்வதற்கு முன் சில வாரம் பின்முனையில் பொருத்தும் நீட்சியை இரவல் வாங்கி ஆடிப்பார்ப்பது எல்லாவற்றிலும் சிக்கனமான வழி. அமெரிக்க ஓபன் பட்டத்தை ஐந்துமுறை வென்ற ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்ட், நீட்சி பொருத்திய மிக நீண்ட கோலோடு ஆடி வியப்பூட்டினார். விதிநூல் அவரைத் தடுக்கவில்லை. தடுத்திருக்கக் கூடியது வழக்கம் மட்டுமே.

எண்சாண் உடம்பு என்று நாம் சொல்லும்போது அவரவர் சாணால் அவரவர்க்கு எட்டு என்பதே பொருள். கட்சுராவுக்கும் எட்டுச் சாண்தான், ஸ்ட்ரிக்லாண்டுக்கும் எட்டுச் சாண்தான். ஆட்டக்கூடத்தின் சுவரோரம் சாத்திவைத்த கோல்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது, அவை யாருக்காகவும் செய்யப்பட்டவை அல்ல. மரத்தைக் கடைசலில் ஏற்றுவதற்கு முன் கையை நீட்டுங்கள் என்று சொல்லும் தச்சருக்கு அது தெரியும். அவரிடம் 58 என்று பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.